என்னதான் படிக்கிறாய், பெண்ணே?

"உங்கள் பெண் என்ன படிக்கிறாள்?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பி.காம். என்றால் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். டாக்டருக்கு, வக்கீலுக்கு என்றாலும் சிரமமில்லை. பெண் பௌதிகத்திலோ ரஸாயனத்திலோ எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தால்தான் தர்மசங்கடம்! "ஏதோ ஸயன்ஸ்... லாபரட்டரியில் என்னமோ செய்கிறாள்..." என்று இழுத்துவிட்டு, "காப்பி கலக்கட்டுமா, மாமி?" என்று பேச்சை மாற்றுகிற தாய்மார்கள் எத்தனையோ பேர்.

பெண்ணின் பாடு இன்னும் திண்டாட்டம். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாள். "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்கிறாள் அத்தை. "டாக்டர் பட்டம் வந்ததும் என் முழங்கால் வலிக்கு நீயே மருந்து கொடுத்துவிடுவாய், இல்லையா?" என்கிறாள் பாட்டி. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்: "மாதம் என்ன கொடுக்கிறார்கள்?" அம்மா மட்டும் மெதுவாக, "அப்படி என்னதான் படிக்கிறாய், சொல்லேன்" என்று கேட்கிறாள். பெண் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சொன்னால் உனக்குப் புரியாது, அம்மா!" என்கிறாள்.

இந்தப் பதிலில் அகம்பாவம் இருக்க வேண்டும் என்பதில்லை. அலுப்பாக இருக்கலாம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாத தவிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இதையே நாலு தடவை கேட்ட தாய், ஐந்தாவது தடவை வாயைத் திறக்க மாட்டாள். அதன் பலன் பின்னால் வருகிறது. "இன்னும் இரண்டு வருஷம் ஆராய்ச்சியா, கல்யாணமா?" என்று வீட்டில் ஒரு நாள் பேச்சு எழும். அப்போது அந்தப் பெண்ணின் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டாமா? அவள் செய்கிற வேலை இன்னதென்றே தெரியாதவர்கள் எதைச் சொல்லி வாதாடுவார்கள்?

ஆகவே, விளக்கிச் சொல்வதும் கேட்டுத் தெரிந்து கொள்வதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. முயன்றால் முடியக் கூடியதுதான். இதற்கு ஒரு பழைய சரித்திரமே இருக்கிறது.

கேள்வி கேட்ட சீமாட்டி

ஜேன் மார்ஸெட் என்ற அம்மையார் 1769-ல் லண்டனில் பிறந்தவர்; ஒரு வைத்தியரின் மனைவி. அந்நாளில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற ஸ்தாபனத்தில் ஹம்ப்ரி டேவி என்னும் ரஸாயன நிபுணர் நிகழ்த்திய பிரசங்கங்களுக்கு ஊரே திரண்டு போகும். மார்ஸெட் அம்மையாரும் போனார். ஆனால் எல்லாம் வேக வேகமாக ஓடியதால் ஆரம்பத்தில் சரியாக மனத்தில் பதியவில்லை. விஷயம் தெரிந்த சிநேகிதர் ஒருவருடன் உட்கார்ந்து, கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் பேசிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

"நமக்கு எந்த வழியில் புரிந்ததோ, அந்த வழியிலேயே மற்றவர்களுக்கும் சொன்னால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. மிஸஸ் பி. என்ற ஆசிரியையும், காரோலைன், எமிலி என்ற இரண்டு பெண்களும் பேசிக் கொள்வதாக ஒரு ரஸாயனப் புத்தகம் எழுதினார். காரோலைன் லேசில் ஒப்புக் கொள்ளாத பெண். குறுக்கே குறுக்கே கேள்வி போடுவாள். 1806 என்று ஆண்டு குறித்து வந்த முதல் பதிப்பில் ஆசிரியரின் பெயரே கிடையாது!

அந்தப் புத்தகம் ஒரு பைண்டிங் கடைக்கு வந்தது. அங்கே தொழில் பழகிக் கொண்டிருந்த ஏழைப் பையன், ஒரு கொல்லனின் மகன், தைக்க வந்த புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-ல் கண்டுபிடித்தவர் அவரே. இன்றும் அனல் மின் நிலையத்திலும், அணைக்கட்டிலும், காற்றாலையிலும் அந்தத் தத்துவப்படிதான் மின்சாரம் பிறக்கிறது. புகழின் உச்சிக்குப் போன பிறகும் ஃபாரடே அந்த அம்மையாரை மறக்கவில்லை. தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வைப்பதுண்டு.

"எனக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்று ஒரு பெண்மணி வெட்கப்படாமல் கேட்டதிலிருந்து எவ்வளவு பெரிய காரியம் விளைந்தது, பார்த்தீர்களா?

தோசைக்கல் சொல்லும் பாடம்

"அதெல்லாம் சரி, என் பெண் படிப்பது ரொம்பக் கடினமானதாயிற்றே!" என்கிறீர்களா? உங்கள் சமையலறைக்கே வாருங்கள்.

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறீர்கள். இளஞ்சூடாக இருந்தால் தண்ணீர் சும்மா கிடக்கும். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் 'சொய்' என்று பொரிந்து மறையும். மிக நன்றாகக் காய்ந்த கல்லிலோ, துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும். சீக்கிரம் மறைவதும் இல்லை. சூடு அதிகமானால் சீக்கிரம் மறைய வேண்டியதுதானே நியாயம்?

காரணம் இதுதான். கல்லின் சூடு சுமார் 200 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது, துளியின் அடிப்பாகம் தொட்ட மாத்திரத்தில் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவியே மெத்தை மாதிரி துளியைத் தாங்கிக் கொள்கிறது. ஆவி வழியே சூடு எளிதில் ஏறாது. அதனால் துளி பிழைத்து ஓடுகிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர், காய்ந்த இரும்புக் கரண்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து, 1756-ல் இதை எழுதி வைத்தார்.

அணு உலையிலும் இதே சங்கதிதான். எரிபொருள் குழாய்களைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக் கொள்கிறது. குழாய் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டால் அங்கேயும் ஆவிப் படலம் மூடிக் கொள்ளும். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் சூடு இறங்காது, ஆபத்து! "எந்தச் சூட்டில் அந்தப் படலம் உண்டாகிறது, அதைத் தடுப்பது எப்படி என்றுதான் நான் பார்க்கிறேன், அம்மா" என்று ஒரு பெண் சொன்னால், தினமும் தோசைக்கல்லுடன் பழகும் தாய்க்கா புரியாது?

வாசலிலே ஒரு கணிதம்

கம்ப்யூட்டர் சம்பந்தமான கணிதம் படிக்கிற பெண் வாசற்படிக்கு வந்தால் போதும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைப் பற்றி 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களை இன்ன விதிப்படி அடுக்கினால் வாக்கியம் என்று சொல்வது இலக்கணம் அல்லவா? அதே போலப் புள்ளியையும் கோட்டையும் இன்ன விதிப்படி அடுக்கினால் படம் என்று சொல்லும் இலக்கணத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஐந்து புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவள் அதையே ஒன்பது புள்ளிக்குப் பெருக்கிப் போடுகிறாள் என்றால், விதி அவள் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் மாணவிகளே! ஆராய்ச்சியின் தலைப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கேட்பவருக்கு எது கைப்பழக்கமோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். கிருமிகளைப் பற்றிப் படிப்பவள் புளிக்கிற இட்லி மாவிலிருந்து தொடங்கலாம். மாவைப் பொங்க வைப்பதும் புளிக்க வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்கள்தானே? குளிர் காலத்தில் மாவு ஏன் பொங்க மறுக்கிறது என்பது உங்கள் பாட்டிக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

"தமிழில் சொல்ல வார்த்தை இல்லை" என்ற சாக்கும் வேண்டாம். 1891-ல் பிறந்து 1986-ல் மறைந்த பெ. நா. அப்புஸ்வாமி வக்கீல் தொழில் பார்த்தவர். அவர் பல்லாண்டுகள் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதிக் குவிக்கவில்லையா? பெயர்ச்சொல் ஒன்றிரண்டு ஆங்கிலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியம் வீட்டுப் பேச்சாக இருந்தால் சரி.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். இல்லாததை அளந்துவிடவும் வேண்டாம். உடம்பில் உள்ள ஏதோ ஒரு புரதத்தைப் பற்றிப் படித்துக் கொண்டு, "புற்று நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு தீபாவளிக்கும் "மருந்து வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள்! "இந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது, அதைத் தேடுகிறேன். நாளைக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு அது உதவலாம்" என்று உள்ளபடி சொல்லுங்கள். மூன்று மாதம் உழைத்த பரிசோதனை பாழாய்ப் போனதையும் சொல்லுங்கள். மாவு பொங்காத காலையை அறிந்தவர்களுக்கு அந்த வேதனை நிச்சயம் புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. பாட்டிக்குச் சொல்ல முயலும்போதுதான் நமக்கே எது தெளிவாக இல்லை என்று வெளிச்சமாகிறது.

தாய்மார்களுக்கு மூன்று கேள்விகள்

இனி உங்கள் முறை. "எப்போது முடியும்?", "எவ்வளவு கொடுப்பார்கள்?" என்ற இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அவற்றுக்குப் பதிலாக இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

"இன்றைக்குக் காலையிலிருந்து உன் கையால் என்ன வேலை செய்தாய்?" இதற்குப் பெரிய பெரிய வார்த்தைகளில் பதில் சொல்ல முடியாது. "எந்த ஒரு விஷயம் தெரியாமல் இவ்வளவு பேரும் தேடிக் கொண்டிருக்கிறீர்கள்?" இது ஆராய்ச்சியின் உயிர்நாடியைத் தொடும் கேள்வி. "கிடைத்த விடை சரிதான் என்று எப்படித் தெரிந்து கொள்வாய்?" இதைக் கேட்டதும் உங்கள் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய பேராசிரியர் கேட்பதும் இதே கேள்விதான்!

ஒரே நாளில் எல்லாம் புரிந்துவிடாது. புரியாத இடத்தில் "நிறுத்து, மறுபடி சொல்" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு கேள்வி என்று வைத்துக் கொண்டாலும், படிப்பு முடிவதற்குள் அவள் வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லக் கூடியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். நாளைக்குக் கூடத்தில் நாலு பேர் கூடி அவள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த நாலு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.