வான்கதவுக்குக் கீழே ஓர் ஊர்

2018 டிசம்பர் 21 இரவு இலங்கையின் வன்னியில் மழை கொட்டித் தீர்த்தது. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. விடிந்தபோது குளத்துக்குக் கீழேயுள்ள முரசுமோட்டையிலும் பன்னங்கண்டியிலும் வீடுகளுக்குள் வெள்ளம். காலபோக நெல் நீருக்கடியில். கதவுகளை ஏன் முன்னரே திறக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்குள் ஒரு நீர்க்கணக்கு இருக்கிறது. வவுனியாப் பக்கம் பிறந்து வடக்கே ஓடி, சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இரணைமடு. நீரேந்து பரப்பு சுமார் 588 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 200 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 118 மில்லியன் கனமீற்றர் நீர். ஆவணியில் என்றால் காய்ந்த நிலம் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மார்கழியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். பாதி வழிந்தோடினாலே 59 மில்லியன். குளத்தின் முழுக் கொள்ளளவோ 148 மில்லியனுக்கு அருகில்தான்.

குளத்தில் இடமிருந்தால் இந்த நீர் அங்கேயே தங்கிவிடும். இல்லையென்றால் வந்ததெல்லாம் கீழே போயாக வேண்டும். கதவை மூடிவைத்து ஊரைக் காக்கலாம் என்று நினைப்பது ஆபத்து: மண் அணையின் மேலால் நீர் வழிந்தால் அணையே அரிக்கப்பட்டுவிடும். மண் அணை உடைந்தால் என்னவாகும் என்பதை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்த கந்தளாய்க் குளம் காட்டியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்த 59 மில்லியனை 12 மணி நேரத்தில் வெளியேற்றினால் ஆற்றில் விநாடிக்கு சுமார் 1,370 கனமீற்றர் பாயும். மழைக்கு முன்பே, மூன்று நாளில் மெல்ல விட்டு இடம் பண்ணியிருந்தால் விநாடிக்கு 230 போதும். அதே நீர்தான்; மெல்ல விட்டால் கரைக்குள் ஓடக்கூடும், ஒரேயடியாக விட்டால் முற்றத்துக்கு வரும். கீழே நிலம் தட்டை. நீரேரியும் நிரம்பியிருந்தால், கடலுக்கும் அதற்கும் நடுவிலுள்ள மணல்திட்டு தடுக்க, வெள்ளம் வடிய நாளெடுக்கும்.

அப்படியானால் முன்கூட்டியே திறப்பதுதானே? இங்கேதான் சிக்கல். திறந்த பிறகு மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. குளம் கொள்ளும் நீர்மட்டத்தை 2 அடி உயர்த்தி 36 அடியாக்கியதும் கூடுதல் நீரைச் சேமிக்கத்தான். முரசுமோட்டைக் கமக்காரருக்கு வைகாசியில் நிறைகுளம் வேண்டும், மார்கழியில் குளத்தில் வெற்றிடம் வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்தின் தேவை.

வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாவது பெரும்பாலும் சில நாள் முன்பே தெரிகிறது. ஆனால் எவ்வளவு மழை, எங்கே என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை. ஆகவே, நள்ளிரவில் கதவடியில் நிற்கும் ஓர் அதிகாரியின் தலையில் இந்த முடிவைச் சுமத்துவது நியாயமல்ல என்றே நினைக்கிறேன். எந்த மாதம் எந்த மட்டம்வரை நீர் தேக்குவது என்பதைப் போகம் தொடங்குமுன்பே கமக்காரர் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வேண்டும். முன்கூட்டித் திறந்து மழை பொய்த்தால் சிறுபோகக்காரருக்கு ஈடு என்ன என்பதையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டும். மேலே கனகராயன்குளம் பக்கம் ஆற்றுமட்டம் ஏறுகிற செய்தி, குளத்துக்குக் கீழுள்ள கண்டாவளைப் பிரிவின் கடைசி வீட்டுக்கும் அந்த மணிநேரத்திலேயே போய்ச் சேர வேண்டும்.