உப்பளத்தில் ஒரு வீடியோ கேம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரிக்கு முன்னால் மரக்காணம் வரும். விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கியமான இடங்களில் ஒன்று. வரப்பு, பாத்தி, மறுபடி வரப்பு, மறுபடி பாத்தி என்று கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்.

படம் வரையவும் பிடிக்கும், வீடியோ கேம் விளையாடவும் பிடிக்கும் என்கிற தம்பி தங்கைகளே! இந்த உப்பளத்தை வைத்து நாமே ஒரு கேம் உருவாக்கலாம், வாருங்கள். கணினி இப்போதைக்கு வேண்டாம். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு பகடை போதும்.

முதலில் விதி

கேம் என்றதும் வண்ணப் படங்கள்தான் நம் நினைவுக்கு வரும். கேம் உருவாக்குகிறவர்களோ விதிகளைத்தான் முதலில் யோசிப்பார்கள். என்ன நடந்தால் எது மாறும்? ஆடுபவர் எதை முடிவு செய்ய வேண்டும்? தவறாக முடிவு செய்தால் எதை இழப்பார்?

பல வீடியோ கேம்களில் கணினி நொடிக்கு 60 முறை மூன்று வேலைகளைச் செய்கிறது. நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பார்க்கிறது. விதிப்படி எண்களை மாற்றுகிறது. மாறிய நிலைமையைத் திரையில் வரைகிறது. திரையில் கார் ஓடினாலும் சரி, குதிரை ஓடினாலும் சரி, உள்ளே ஓடுவது எண்கள்தான். அப்படியானால் நம் கேமில் எந்த எண் மாற வேண்டும்? உப்பளத்தையே கேட்போம்.

3 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம் நாம் சாப்பிடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. மீதி கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் உப்புகள். எல்லா நீரையும் ஒரே பாத்தியில் விட்டுக் கடைசிவரை வற்றவிட்டால் இவை அத்தனையும் கலந்து கிடக்கும். வாயில் வைக்க முடியாது. அதனால்தான் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக்கொண்டே போகிறார்கள்.

எப்போது நகர்த்துவது? நீரின் அடர்த்தியை அளந்து பார்க்க ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. நீரில் உப்பு ஏற ஏற இது மேலே எழும்பி மிதக்கும். அந்த அளவை போமே டிகிரி என்பார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலும் காற்றும் சேர்ந்து நீரைப் பாதியாகச் சுண்டவைக்கும்போது கால்சியம் கார்பனேட் அடியில் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காகி, அடர்த்தி 25 டிகிரியைத் தொடும்போதுதான் நம் உப்பு பூக்கும். இன்னும் விட்டுவைத்து 30 டிகிரியை எட்டினால் மக்னீசிய உப்புகளும் கூடச் சேர்ந்து கசக்கும். அந்தக் கசப்புநீரை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும்.

நம் கேமுக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது! 25-க்கும் 30-க்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் உப்பை வாரியாக வேண்டும். அவசரப்பட்டால் உப்பு குறையும். காத்திருந்தால் கசப்பு வரலாம், மழையும் வரலாம். இந்தத் தவிப்புதான் ஒரு கேமை ஆட வைக்கும். இதைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை, உப்பளமே கொடுத்துவிட்டது.

இனி படம்

கல் உப்பு ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஓரங்கள் தேய்ந்திருந்தாலும் பல கற்களில் சதுர முகங்கள் தெரியும். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நேர்வரிசையில் அடுக்கிக்கொள்வதால் உப்புப் படிகம் கனசதுரமாக வளர்கிறது. சில படிகங்களின் முகம் நடுவில் குழிந்து படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும். ஓரங்கள் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்வதால் வரும் வடிவம் அது.

கணினித் திரையில் தெரியும் படங்களும் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனவைதான். அவற்றைப் பிக்சல் என்கிறோம். நோட்டில் 16-க்கு 16, அதாவது 256 கட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு உப்புப் படிகம் வரையுங்கள். மேல் முகத்துக்கு வெள்ளை, ஒரு பக்கத்துக்கு வெளிர் சாம்பல், மறுபக்கத்துக்கு அடர் சாம்பல். மூன்றே நிறத்தில் படிகம் எழுந்து நிற்கும்.

பாத்தியின் நிறத்தையும் கவனியுங்கள். உவர்ப்பு மிகுந்த உப்பளங்களில் நீர் சில நேரம் இளஞ்சிவப்பாகும். டுனாலியெல்லா என்ற பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் அந்த நிறத்தைத் தருகின்றன. நம் கேமில் டிகிரியை எண்ணாகக் காட்டாமல், நீலத்திலிருந்து இளஞ்சிவப்பு வரை நிறத்தாலேயே காட்டலாம் அல்லவா? ஓவியரின் நிறமே அங்கே அறிவியல் அளவாகிவிடுகிறது.

விதியிலிருந்து படம் பிறக்கும் வித்தையை நம் வீட்டு வாசலிலும் பார்க்கலாம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரித்திவாசனும் 1974-இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலம் எப்படிப் பெரிய கோலமாக வளர்கிறது என்று கணித முறையில் காட்டினார்கள். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்குக் கணினி வரைகலையின் ஓர் அடிப்படை ஏற்கெனவே கைவந்திருக்கிறது!

தமிழ்ச் சமையலறையில் பிறந்த கேம்

நம் ஊர் விஷயத்தை வைத்துக் கேம் செய்தால் உலகம் ஆடுமா? ஆடியிருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. ஆடுபவர், பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு எல்லாம் செய்ய வேண்டும். ஆவி எப்படி மேலே ஏறும் என்று யோசித்துப் பார்த்தால்தான் இட்லி வேகும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதை ‘வெண்பா’ பெற்றது. இட்லிப் பானையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த பெருமை அது. நாம் உப்பளத்தை அப்படிப் பார்ப்போம்.

உழைப்பவருக்கும் ஒரு விதி

உப்பளத்தில் வேலை செய்வது கடினம். சுட்டெரிக்கும் வெயில். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூச வைக்கும். உப்புநீர் கால் வெடிப்புகளில் எரியும். தலையில் உப்புக் கூடை சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உற்பத்தி நின்றுபோகும், வருமானமும் நின்றுபோகும். அதனால் நம் கேமில் வரும் தொழிலாளி ஓய்வே இல்லாமல் ஓடும் பொம்மையாக இருக்கக் கூடாது. நிழலில் உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் அவருக்கு நேரம் கொடுப்பதை ஒரு விதியாகவே வைப்போம்.

செய்து பாருங்கள்: உப்பு வாரும் ஆட்டம்

1. நோட்டில் 3 முதல் 30 வரை எண்களை வரிசையாகக் கட்டங்களில் எழுதுங்கள். இவைதான் டிகிரி. ஆளுக்கு ஒரு காயை 15-இல் வையுங்கள்.

2. உங்கள் முறை வரும்போது பகடையை உருட்டலாம், அல்லது பாத்தியில் இருக்கும் உப்பை வாரலாம்.

3. பகடையில் 1 முதல் 5 வரை விழுந்தால் வெயில். அத்தனை டிகிரி முன்னேறுங்கள். 6 விழுந்தால் மழை! 6 டிகிரி பின்வாங்குங்கள் (3-க்குக் கீழே போக வேண்டாம்), பாத்தியில் இருக்கும் உப்பு கரைந்துவிடும்.

4. வெயில் அடித்துக் காய் 25 முதல் 29-க்குள் நிற்கும் ஒவ்வொரு முறையும் பாத்தியில் ஒரு கூடை உப்பு சேரும். 30-ஐ எட்டினால் கசப்பு. பாத்தியில் இருப்பது வீண், மறுபடி 15-லிருந்து தொடங்குங்கள்.

5. உப்பை வாரினால் அந்தக் கூடைகள் உங்களுக்குச் சொந்தம். புதிய நீர் பாய்ச்சியதாகக் கொண்டு காயை 20-இல் வையுங்கள். அடுத்த முறை உங்கள் தொழிலாளிக்கு ஓய்வு.

6. முதலில் 5 கூடை சேர்ப்பவருக்கு வெற்றி.

ஒரு தடவை ஆடி முடித்ததும் விதியை மாற்றிப் பாருங்கள். ஐப்பசி மாதம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, 4, 5, 6 மூன்றுமே மழை என்று ஆடினால் என்ன ஆகிறது? வாரிய உப்பை மூடிவைக்க ஓலையும் தார்ப்பாயும் சேர்த்தால் புதிதாக என்ன விதி வேண்டும்? மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளி ஈரநிலத்துக்கு வரும் பறவைகளுக்கு உங்கள் கேமில் என்ன வேலை?

நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அது எந்த உண்மையிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத விதி இருந்தால், உப்பளத்தைப் பற்றி இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.