கண்ணை நூலிலேயே போடுங்கள்

மதுரையில் பிறக்கிற பிள்ளைக்கு உல்லன் வேண்டாம். குரோஷே வேலைக்கு ஆர்டர் கொடுக்க வருகிற பாட்டிமாரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூல்தான் தோது. வேர்வையை உறிஞ்சும், வெந்நீரில் அலசலாம். கடையில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் உதிர்கிற பிசிறு பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிற வயது அது. போன மாதம் ஓர் அக்கா முயல் பொம்மை கேட்டு வந்தார். "கண்ணு மட்டும் கறுப்பு மணியா, பளபளன்னு வச்சிரு தங்கச்சி" என்றார். "மணி வேணாம்க்கா, பிள்ளை பிச்சு முழுங்கிரும். கறுப்பு நூல்லயே கண்ணு போட்டுத் தர்றேன்" என்றேன். பின்பக்கம் வில்லை போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கண்களும் உண்டு. நூல் இளகினால் அதுவும் வெளியே வந்துவிடும். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் வைப்பதில்லை.

பொம்மையின் தலை ஒரு சின்ன வளையத்தில் ஆரம்பிக்கும். அதில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும். குறைத்துக்கொண்டே வந்தால் உருண்டை மூடிவிடும். நூல் உறையில் போட்டிருக்கும் அளவைவிட ஒரு நம்பர் சின்ன ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணி நெருங்கி விழுந்தால்தான் உள்ளிருக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. இலவம் பஞ்சு அடைக்காதீர்கள். நனைந்தால் கட்டிதட்டிப் போகும். துவைத்தால் தாங்குகிற பாலியஸ்டர் பஞ்சு போதும்.

என் மனதை மிகவும் தொட்டது ஆக்டோபஸ் பொம்மை. 2013-ல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் சிசுக்களுக்காகத் தன்னார்வலர்கள் குரோஷேயில் போட்டுக் கொடுத்தார்கள். அதன் சுருள் கால்களைப் பற்றிக்கொண்டால், பிள்ளை தன் உடம்பில் செருகிய குழாய்களை இழுக்காது என்பது எண்ணம். தொப்புள்கொடி ஞாபகம் என்றும் சொல்கிறார்கள். உறுதியான ஆய்வுச் சான்று இல்லையென்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தத் தன்னார்வலர்கள் வகுத்த விதிகளை நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன்: முழுப் பருத்தி, 60 டிகிரியில் துவைக்கத் தாங்கவேண்டும், கால் இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் கழுத்தில் சுற்றும். முகம் தெரியாத ஒரு சிசுவுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

காலுறைக்கும் இந்த யோசனை வேண்டும். உட்புறம் நூல் முனை தொங்கினால் கால் விரலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பிள்ளை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது. போட்டு முடித்ததும் திருப்பிப் போட்டு, நம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இனி போர்வை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், பல ஊர்ப் பெண்கள் போட்ட துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அந்தச் சாதனையின் படத்தைக் காட்டிப் போர்வை கேட்கிறவர்கள் உண்டு. ஆசையாகப் போட்டுத் தருகிறேன். ஓட்டை ஓட்டையான டிசைன் மட்டும் கிடையாது, விரல் மாட்டும். முதல் வருஷம் தூங்கும்போது போர்த்த வேண்டாம், பக்கத்தில் பொம்மையும் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லித்தான் கையில் கொடுப்பேன். விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் படுக்கவைக்கலாம்.

தொட்டில் கம்பில் தொங்கவிடும் பொம்மைக்கு எல்லாரும் இளம் ரோஸ், இளம் நீலம் கேட்கிறார்கள். பிறந்த பிள்ளைக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்புதான் எடுப்பாகத் தெரியும். அதுவும் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கினால் எட்டாத உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். குப்புற விழுந்து கையூன்றி எழும்புகிற 5 மாதத்தில் கழற்றிவிடுங்கள். கயிற்றை ஒட்ட வெட்டி, பொம்மையை மட்டும் பிள்ளை கையில் கொடுத்துவிடலாம்.