அட்டை கடித்தால் உப்பைத் தேடாதீர்கள்!

கொடைக்கானல் போய் வருகிறவர்கள் சாக்லேட்டும் தைலமும் வாங்கி வருவார்கள். மழை மாதத்தில் போனவர்கள் கூடவே சாக்ஸில் ரத்தக் கறையும் கொண்டு வருவார்கள்! ஐப்பசி, கார்த்திகையில் பழனி மலையில் நல்ல மழை. வட்டக்கானல் பாதையிலோ, பேரிஜம் பக்கத்துச் சோலையிலோ ஈரச் சருகில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அட்டை ஏறிவிடும்.

"கடிச்சதே தெரியலையே டாக்டர்" என்பார்கள். அதுதான் அதன் சாமர்த்தியம். தலையில் ஒரு உறிஞ்சி, வாலில் ஒரு உறிஞ்சி. வாலால் இலையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி ஆட்டியபடி காத்திருக்கும். நம் நடையின் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று எல்லாம் அதற்குத் தெரியும். போதாக்குறைக்கு ஐந்து ஜோடிக் கண்கள்! அட்டை குதிக்கும் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் சிரிப்பார்கள். மடகாஸ்கர் காட்டில் ஒருவகை அட்டை இலையிலிருந்து எகிறிக் குதிப்பதைப் படமெடுத்து 2024-ல் வெளியிட்டார்கள். இங்கே பெரும்பாலும் தரையிலிருந்துதான் காலில் ஏறுகிறது.

1851-ல் லண்டன் கண்காட்சியில் மெர்ரிவெதர் என்ற ஆங்கில டாக்டர் 12 பாட்டில்களில் அட்டைகளை வைத்து ஒரு கருவி காட்டினார். புயல் வருமுன் அட்டைகள் மேலே ஏறி மணியடிக்குமாம். நல்ல வேடிக்கைதான்!

விஷயத்துக்கு வருவோம். அட்டை வாயில் மூன்று தாடைகள். தோலைக் கீறியதும் ரத்தம் உறையாதபடி உமிழ்நீரை விடுகிறது. மருத்துவ அட்டையின் உமிழ்நீருக்கு இந்தக் குணம் இருப்பதை 1884-ல் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். அந்தப் பொருள்தான் ஹிருடின். அதை மாதிரியாக வைத்துச் செய்த பைவாலிருடின் என்ற மருந்தை ஆஞ்சியோபிளாஸ்டியின்போது கொடுக்கிறார்கள். அட்டை விழுந்த பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பதற்கு இந்த உமிழ்நீர்தான் காரணம். பயப்பட வேண்டாம், போகிற ரத்தம் கொஞ்சம்தான்.

நாம் செய்கிற தப்பு வேறு. கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பு, சுண்ணாம்பு, சிகரெட் நெருப்பு என்று வைக்கிறோம். அது தவித்துப்போய், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். அதிலுள்ள கிருமியால் புண் சீழ் பிடிக்கும். பிடித்து இழுக்கவும் கூடாது. மெல்லிய தலைப்பக்கம் விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்துங்கள், வாய் விட்டுவிடும். பிறகு வால் பக்கம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்; சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! உப்பு, புகையிலையெல்லாம் கிளம்புமுன் சாக்ஸின் வெளிப்பக்கம் தடவிக்கொள்ளத்தான்.

"அட்டை கெட்ட ரத்தத்தைத்தானே எடுக்குது, இருக்கட்டுமே" என்று விட்டுவைக்கிறவர்களும் உண்டு. எங்கள் மருத்துவத்தின் 32 புற சிகிச்சைகளில் அட்டை விடலும் ஒன்று, உண்மைதான். ஆனால் அதற்கு எடுப்பது நன்னீர் அட்டை, காட்டு அட்டை அல்ல. சுத்தம் செய்து, நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகே விடுகிறோம். ஒருவருக்கு விட்டதை இன்னொருவருக்கு விடுவதில்லை. நரம்புச் சுருட்டலுக்கென்று சோலை அட்டையைப் பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் விட்டுக்கொள்வது விபரீதம்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ராத்திரி அறைக்குத் திரும்பியதும் விரலிடுக்கு முதற்கொண்டு பார்த்துவிடுங்கள். ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்த குழந்தைக்குப் பிறகு ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்துகொண்டே இருந்தால், உள்ளே நீர் அட்டை இருக்கலாம். நீங்களே குடைய வேண்டாம், காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.