மருந்து எண்ணுக்கா, குழந்தைக்கா?

கிருமி நுழைந்ததும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ்தான் உடம்பின் சூட்டைக் கூட்டிவைக்கிறது. உடம்பு தானாகச் செய்துகொள்கிற வேலை இது. அப்படியிருக்க, தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தாண்டியதுமே சிரப் பாட்டிலைத் தேடுவது எதற்காக? பாராசிட்டமால் கொடுக்க நியாயமான காரணம் ஒன்றுதான்: குழந்தை படும் அவஸ்தை. 102 டிகிரியிலும் தண்ணீர் குடித்து, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மருந்து அவசியமில்லை. 100.5இலேயே உடம்பு வலித்துச் சிணுங்கி, பாலை ஒதுக்கும் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் சூட்டை இயல்புக்கு இறக்குவதைக் குறிக்கோளாகச் சொல்லவில்லை. குழந்தையின் சங்கடத்தைக் குறைப்பதையே சொல்கிறது. நன்றாகத் தூங்கும் பிள்ளையை மருந்து புகட்டுவதற்காக எழுப்புவது வீண் வேலை.

“வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது?” என்பார்கள். நியாயமான பயம்தான், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. ஆனால் மருந்து அதைத் தடுக்கிறதா? முதல் வலிப்பு வந்துபோன 231 குழந்தைகளை ஃபின்லாந்தில் இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ச்சல் மருந்து பெற்றவர்கள், மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வலிப்பு திரும்ப வந்தது. அதே காய்ச்சலுக்குள் இரண்டாவது வலிப்பு வருவதைப் பாராசிட்டமால் குறைத்ததாக 2018இல் ஒரு ஜப்பானிய ஆய்வு சொன்னது உண்மை. அது மருத்துவர் எடைபோட வேண்டிய விஷயம். எல்லாப் பிள்ளைக்கும் முன்கூட்டியே புகட்டுவதற்கு ஆதாரமாகாது. மூளை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கோ அவ்வளவு ஆதாரமும் இல்லை. தொற்றால் வரும் காய்ச்சல் மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறுவது மிக அரிது.

கொடுப்பதென்றால் வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். கடையில் கிடைக்கும், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி, 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸில் ஒன்றரை மில்லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கல்லீரலைப் பாதிக்கும் விபத்துகளுக்கு இந்தக் குழப்பம் ஒரு காரணம். சமையலறைக் கரண்டியால் அளக்கவே கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். காய்ச்சலைச் சட்டென்று இறக்குகிறது என்று பெயர் வாங்கியிருந்த நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2011இல் இந்திய அரசு தடை செய்தது.

எண் மட்டுமே முடிவு செய்யும் இடமும் ஒன்று உண்டு. மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4 வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவிலோ கதை தலைகீழ். இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் கூடாது; ஆபத்தான கட்டம் தொடங்குவதும் காய்ச்சல் விடும்போதுதான். சூடு இறங்கிய பிறகும் விடாத வாந்தி, வயிற்று வலி, சில்லிட்ட கை கால், குறைந்துபோன சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தெர்மாமீட்டரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.