கண்வில்லையும் சிறு வாயிலும்

மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைப் பகுதியிலுள்ள மாங்கேணி போன்ற கரையோர ஊர்களில், கடலையும் களப்பையும் வயலையும் நம்பி வாழ்வோர் பலர். வெயிலிலும் நீரின் கண்கூசும் ஒளியிலும் நெடுங்காலம் உழைக்கும் இவர்களுக்கு, முதுமையில் பார்வையைக் கவரும் நோய்களுள் முதன்மையானது கண்புரை. கண்ணினுள் இயல்பாய் அமைந்த தெளிந்த வில்லை மங்கிப்போதலே கண்புரையாகும். மூப்பு இதற்குத் தலையாய காரணம். புறவூதாக் கதிர், நீரிழிவு, புகைத்தல் என்பன துணைக் காரணங்கள். இந்நோய் மருந்தினால் தீராது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துதலே வழி.

செயற்கை வில்லையை முதன்முதலிற் கண்ணினுள் வைத்தவர் ஆங்கிலேய வைத்தியர் ஹரல்ட் ரிட்லி ஆவர். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற விமானிகள் சிலரின் கண்களில், விமானக் கூண்டின் பிளாஸ்திக்குத் துண்டுகள் தீங்கு செய்யாது தங்கியிருந்ததை அவர் கண்டார். 1949ஆம் ஆண்டு இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவ்வகைப் பொருளாலான வில்லையைப் பொருத்தினார். அக்காலத்திற் கண்ணில் 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெட்டு இடவேண்டியிருந்தது. அதனைத் தைக்கவும் வேண்டியிருந்தது. தையலின் இழுப்பினால் கண்ணின் வளைவு மாறிப் பார்வை கோணுதலும் உண்டு.

1967ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன், புரையை மீயொலி அதிர்வினால் உடைத்து உறிஞ்சும் முறையை வகுத்தார். அதற்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வாயிலே போதும். ஆயினும் உள்ளே செல்லவேண்டிய வில்லையின் விட்டம் 6 மில்லிமீற்றர். புரை வெளிவந்த சிறு வாயிலை, வில்லை புகுதற்பொருட்டு மீண்டும் பெருக்க நேர்ந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே 1980களில் மடியும் வில்லைகளும், அவற்றைச் செலுத்தும் கருவிகளும் தோன்றின.

அக்கருவியின் அமைப்பை ஓர் எளிய கணக்கு விளக்கும். 2.8 மில்லிமீற்றர் நீளமான கீறலின் இரு விளிம்புகளும் விரிந்து வட்டமானால், அவ்வட்டத்தின் சுற்றளவு 5.6 மில்லிமீற்றர், விட்டமோ ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் மாத்திரமே. குழலின் புறவிட்டம் இவ்வளவினுள் அடங்கவேண்டும். அதன் சுவரின் தடிப்பையும் கழித்தால் வில்லைக்கு எஞ்சும் இடம் இன்னுஞ் சிறிது. சுவரை மெல்லியதாக்கினால் முனை வெடிக்கும். தடிப்பாக்கினால் வாயில் கிழியும். ஆதலின் குழல் கூம்பிச் செல்லுமாறும், முனை சாய்வாக வெட்டப்பட்டும் அமைக்கப்படுகின்றது. வழுவழுப்பான கூழ்ப்பொருளொன்று உராய்வைக் குறைக்கின்றது. தண்டு திடீரென முன்பாய்ந்தால், பின்புறத்தில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்களவே தடிப்புள்ள வில்லைப்பை கிழிந்துவிடும். இதனாற் சில கருவிகள் திருகாணி முறையில் மெல்ல மெல்ல முன்னேறுமாறு ஆக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இரு கைகளும் வேண்டும். நேரே அழுத்தும் கருவிக்கு ஒரு கை போதும். ஆனாற் கைத்திறன் கூடுதலாக வேண்டும்.

இவ்வழியில் விலைமிக்க பொறியும் மடியும் வில்லையும் தேவை. பொருள்வளங் குன்றிய நாடுகளில் வேறொரு வழியும் வளர்ந்தது. மதுரையில் வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இற் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் ஆரோலாப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, மடியாத வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்கத் தொடங்கியது. மடியாத வில்லைக்கு 6 முதல் 7 மில்லிமீற்றர் வரையான வாயில் வேண்டும். அவ்வளவு பெரிய வாயில் தையலின்றி மூடுவதெங்ஙனம்?

விடை, வெட்டின் வடிவத்தில் உள்ளது. வெள்விழியில் அரைத் தடிப்புக்கு வெட்டி, பிறைவடிவக் கத்தியால் படலத்தின் அடுக்குகளுக்கிடையே சுரங்கம்போல் முன்னேறி, தெளிபடலத்தினுட் சென்றபின்னரே கண்ணின் உள்ளறை திறக்கப்படுகின்றது. சுரங்கத்தின் உட்புறம் வெளிப்புறத்திலும் அகன்றிருக்கும். வேலை முடிந்ததும் கண்ணின் உள்ளழுத்தமே உட்பக்க உதட்டை அழுத்தி வாயிலைத் தடுக்கிதழ்போல் மூடிவிடுகின்றது. புரையின் கருவை வெளியேற்றவும் எளிய கருவிகளே போதும். நேபாளத்தின் லகானில் அல்பிரெக்ட் ஹென்னிக் என்னும் வைத்தியர், மெல்லிய ஊசியொன்றின் முனையைத் தூண்டில் முள்போல் வளைத்து, அதனாற் கருவைக் கொளுவி இழுக்கும் முறையைக் கையாண்டார்.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நேபாளத்தில் 108 நோயாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. இரண்டும் சிறந்த பார்வையை அளித்தன. ஆனாற் கைமுறைச் சிகிச்சை விரைவானதாகவும் செலவு குறைந்ததாகவும் இருந்தது. மிகச் சிறிய வாயிலுக்குரிய நன்மைகள் மெய்யே: கண்ணின் வளைவு குறைவாக மாறும், பார்வையும் விரைந்து தெளியும். எனினும், அவற்றுக்குரிய விலையைக் கொடுக்க இயலாதவன் குருடனாயிருத்தல் வேண்டும் என்பதில்லை.

களப்பில் வலை வீசுவோனுக்குத் தையலற்ற காயம் பேருதவி. தையல் பிரிப்பதற்கென மீண்டும் நகருக்குச் செல்லும் நாட்கூலி இழப்பு அவனுக்கில்லை. வைத்தியர் விதித்த காலம் கழிந்ததும் தொழிலுக்குத் திரும்பலாம். ஆதலின் ஒரு கருவியின் சிறப்பை அளக்குமிடத்து, அது இடும் வெட்டின் நீளத்தோடு, அதனாற் பார்வை பெறக்கூடியோரின் தொகையையும் சேர்த்து அளத்தல் வேண்டும்.