ஐந்நூற்றைத் தாண்டும் ஒரு யூனிட்

மின்கட்டணம் ஏறிவிட்டதென்று புலம்பும் நாம், அது எந்தப் படியில் ஏறுகிறது என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 1,805 ரூபாய். அதுவே 501 ஆனால் 2,048 ரூபாய். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், 4.70 ரூபாய் ஆகிவிடுவதே முக்கியக் காரணம். ஆக, சிக்கனம் என்பது விளக்கை அணைத்து இருட்டில் உட்காருவதல்ல. விலை மிகுந்த அந்தக் கடைசி யூனிட்டுகளைக் குறைப்பது.

எங்கே குறைப்பது? பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். சிக்கன மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மூவாயிரம் ரூபாய் போட்டு யார் வாங்குவது என்ற கேள்வி நியாயமானதே. 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு அது வீண்செலவுதான். ஆனால், 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 40 யூனிட்டின் விலை சுமார் 250 ரூபாய். போட்ட பணம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும். இலவச யூனிட்டே இல்லாத கடைக்காரருக்கோ, முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் கையில் தெரியும்.